இரண்டாம் தலையைப் பூட்டாமல் வந்த நாள்

குழாய்ப் பரிசோதனைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். கருவியைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். நான் விட்டுவிட்டு வந்ததைவிட நல்ல கருவி இப்போது உங்களிடம் இருக்கிறது. அதைப் பற்றி உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். ஓய்வுபெற்றவளிடம் கேட்டால் அவள் நடந்த கதையைத்தான் சொல்லுவாள். கேட்டது உங்கள் தலைவிதி, கடைசிவரை வாசியுங்கள்.

இதை அலுவலகப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளும் வாசிப்பார்கள். அவர்களுக்காக, நாங்கள் என்ன வேலை செய்தோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீராவி போகும் இரும்புக் குழாயைச் சூடு வெளியேறாமல் உறை சுற்றி, அதற்கு மேல் தகரம் அடித்து மூடியிருப்பார்கள். உள்ளே வெடிப்பு விழுந்தால் வெளியே நிற்பவருக்குத் தெரியாது. உறை முழுவதையும் பிய்த்துப் பார்க்க எந்த முதலாளியும் விடமாட்டார். ஆகவே குழாயை ஒரு முனையில் கழற்றி, அதன் வாயில் தலை என்று நாங்கள் சொல்லும் வட்டமான கருவியைப் பூட்டி, உள்ளே நுண்ணலையை அனுப்புவோம். வீட்டில் சோறு சூடாக்குகிற மைக்ரோவேவ் அடுப்பில் இருக்கிற அதே இனத்து அலைதான். அது இரும்பைத் துளைத்து வெளியே போகாது. குழாயே அதைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகும். உட்சுவரில் வெடிப்பு இருந்தால் அலையில் ஒரு பங்கு அங்கே பட்டுத் திரும்பும். திரும்பி வர எடுத்த நேரத்தை வைத்து, வெடிப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அலை போகும்போது குழாயின் உட்சுவரில் மின்னோட்டம் ஓடும். அந்த ஓட்டத்தைக் குறுக்கே வெட்டுகிற வெடிப்பு மட்டும்தான் திரையில் தெரியும். ஓட்டம் போகிற திசையிலேயே படுத்துக் கிடக்கிற வெடிப்பு, இருந்தும் இல்லாதது மாதிரித்தான். அதற்காகத்தான் எங்களிடம் இரண்டு தலைகள் இருந்தன. முதல் தலை, குழாயைச் சுற்றி வளையமாக விழுந்த வெடிப்பைக் காட்டும். இரண்டாம் தலை, நீளவாக்கில் விழுந்ததைக் காட்டும். ஒன்றைக் கழற்றி மற்றதைப் பூட்டுவதற்குள் நம்முடைய மலைநாட்டு ஈரத்தில் குழாயின் உள்பக்கம் வியர்த்துவிடும். ஈரம் இருந்தால் அலை கண்டபடி திரும்பும். அதனால் மறுபடி சூட்டுக் காற்று ஊதிக் காயவைக்க வேண்டும். மழை நாளில் அது அன்றைக்கு முடியாது, அடுத்த நாளையும் சேர்த்து விழுங்கிவிடும்.

இனி ஆளைச் சொல்கிறேன். எங்கள் பிரிவின் பொறுப்பாளரை நான் கடைசிவரை ‘சேர்’ என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவர் இப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் ‘என்ரை பேரைப் போட்டே எழுதும்’ என்றிருப்பார், அதனாலேயே நான் போடவில்லை. யாழ்ப்பாணத்து மனிதர், படிக்க வந்து, பேராதனைப் பக்கமே வீடு கட்டி இருந்துவிட்டார். இத்தனை வருஷம் இங்கே இருந்தும், ஆமாம் என்பதற்கு அவர் சொல்லும் ‘ஓம்’ மாறவில்லை. நான் கம்பளைக்காரி. என் பேச்சைக் கேட்டு அவர் சிரிப்பார், அவர் பேச்சைக் கேட்டு நான் சிரிப்பேன். வேனில் போகும் வழியெல்லாம் எங்களுக்கு அதுவே பொழுதுபோக்கு.

அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாவிட்டால் நான் சொல்லப்போவதன் கனம் உங்களுக்குப் புரியாது. ஆகவே முதலில் கம்பளை அரிசி ஆலைக் கதை.

நெல் அவிக்கிற ஆலை அது. முதலாளியை ஊரில் எல்லாரும் ஹாஜியார் என்பார்கள். முதல் தலையைப் பூட்டியதுமே திரையில் ஒரு மேடு எழும்பியது. வெடிப்பாகவும் இருக்கலாம், பள்ளமான இடத்தில் தேங்கிய தண்ணீராகவும் இருக்கலாம். மறுபடி காயவைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார் சேர். ஹாஜியாருக்கு வாசலில் லொறி நின்றது, அடுப்பில் நெல் நின்றது, பொறுமை மட்டும் நிற்கவில்லை.

“சேர், அல்லாவுக்காக ஒரு முடிவச் சொல்லுங்க. வெடிப்புன்னு அதுல எழுதியா இருக்கு?”

“இல்லை ஹாஜியார். அதாலதான் நானும் எழுதேல்லை.”

“அப்ப நல்லமுன்னு எழுதுங்களேன்.”

“அதுவும் அதிலை எழுதியில்லை.”

ஹாஜியார் யாரையோ பிடித்திருக்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் எங்கள் மேலிடத்தில் இருந்து ஒருவர் தொலைபேசியில் வந்தார். குரல் எனக்கே கேட்டது. சேர் ‘ஓம், ஓம்’ என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, போனை மேசையில் வைத்தார், பிறகு சூட்டுக் காற்றுக் குழலை எடுத்துக் குழாயின் வாயில் சொருகினார். பின்னேரம்வரை காய்ந்தது. மறுபடி பார்த்தபோது மேடு இல்லை, தண்ணீர்தான். ஹாஜியார் சந்தோஷத்தில் எங்களுக்குப் புரியாணி கட்டிக் கொடுத்தார். திரும்பி வரும்போது சேர் சொன்னார்: “குழாய் பொய் சொல்லாது பிள்ளை. அது சொல்லி முடிக்க முதல் நாங்கள் எழும்பிப் போறம், அதுதான் வில்லங்கம்.”

அதட்டலுக்கு அவர் அசைந்து நான் பார்த்ததில்லை. பெரிய ஆட்கள், பெரிய வாகனங்கள், ‘நான் யார் தெரியுமா’ என்று தொடங்குகிறவர்கள், எல்லாரையும் அவர் ஒரே மாதிரித்தான் பார்த்தார். அவரோடு வேலை செய்ததால் எனக்கும் அந்தத் தைரியம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. பதறாத காரியம் சிதறாது என்று எங்கள் அறைக் கதவில் எழுதி ஒட்டியவள் நான்தான். இன்னும் இருந்தால் கிழித்துவிடாதீர்கள்.

இனி நான் சொல்லவந்த கதை. பன்வில பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் பெயர் வேண்டாம். ஃபெக்டரியில் பொயிலரில் இருந்து டிரையருக்குப் போகும் நீராவிக் குழாயைப் பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். டிரையர் என்பது தேயிலையைச் சூட்டில் காயவைக்கும் பெரிய இயந்திரம். குழாய் கூரைக்குக் கீழே நீளமாக வந்து, அந்த இயந்திரத்துக்கு மேலே இறங்கும். ஒரு நாள் ஃபெக்டரியை நிறுத்தித் தந்தார்கள். போன நேரம் பார்த்து மழை. காயவைக்கவே மத்தியானம் தாண்டிவிட்டது. முதல் தலையைப் பூட்டிப் பார்த்து முடித்தோம். குழாய்த் துண்டுகளை ஒட்டிச் சேர்த்த மூட்டுகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. மணி நாலைத் தாண்டியிருக்கும். இரண்டாம் தலைக்கு அடுத்த நாளும் ஃபெக்டரி நிற்க வேண்டும் என்று டீமேக்கரிடம் சேர் சொன்னார்.

டீமேக்கர், ஃபெக்டரிக்குப் பொறுப்பான சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். கெட்ட மனிதர் இல்லை. “சேர், மேல மாடி நெறைய கொழுந்து வாடப் போட்டிருக்கு. நாளைக்கும் நின்னா அவ்வளவும் பழுதாயிடும். தோட்டத்துத் தொரை என்னைத்தான் ஏசுவாரு” என்றார்.

“ஏசட்டும். நான் கடிதம் தாறன்” என்றார் சேர். அவ்வளவுதான். டீமேக்கர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

சேர் பெட்டியைத் திறந்து இரண்டாம் தலையை எடுத்துத் துணியால் துடைக்கத் தொடங்கினார். ராத்திரி முழுவதும் சூட்டுக் காற்றை ஓடவிட்டு, காலையில் வந்ததும் பூட்டலாம் என்பது ஏற்பாடு. அப்போதுதான் வாசலில் அந்தப் பெண்கள் வந்து நின்றார்கள்.

கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குப் போகிற வழி அது. தெப்பமாக நனைந்திருந்தார்கள். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கில் இருந்து தண்ணீர் சொட்டியது. அவர்களுக்குள் ஏதோ தள்ளுமுள்ளு நடந்தது. ‘ஒங்க வீட்டுக்காரரு இங்கதானே வேல செய்றாரு, நீ பேசு’ என்று ஒருத்தியை முன்னால் தள்ளிவிட்டார்கள். அவள்தான் புஷ்பராணி. அவளுடைய கணவன் மூர்த்தி டிரையரில் வேலை செய்கிறவன். காலையில் இருந்து எங்களுக்கு ஏணி பிடித்ததும் அவன்தான்.

“சேர், நாளைக்கும் ஃபெக்டரி நிக்குமாமே?”

“ஓம் தங்கச்சி. இன்னும் ஒருக்காப் பாக்க வேணும்.”

“ஃபெக்டரி நின்னா மலையில கொழுந்து எடுக்க விடமாட்டாங்க சேர். வேல இல்லன்னுடுவாங்க. எங்க பேரு போயிடும்.”

நகரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது விளங்காது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பதிவில் ஒரு பேர், பேருக்குத்தான் கூலி. கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். பேர் விழாத நாள், உயிரோடு இருந்தும் அந்த நாளில் நீங்கள் இல்லை. என் அம்மா கொழுந்து பறித்தவர். அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

“செடிக்கு ஒரம் இல்லாத காலத்துல அரப்பேரு அரப்பேருன்னே போச்சு சேர். இப்பதான் மழ பேஞ்சு கொழுந்து வந்திருக்கு. இதையும் விட்டுட்டா புள்ளைகளுக்கு என்னத்தச் சொல்றது? எங்க கஷ்டத்தக் கொஞ்சம் பாருங்க சேர். ஒங்க காலப் புடிச்சிக் கேக்குறேன்.” கேட்டதோடு நிற்கவில்லை, உண்மையாகவே குனிந்தாள்.

சேர் பதறிப்போய் இரண்டு அடி பின்னால் வைத்தார். “ஐயோ, அப்பிடிச் செய்யாதேங்கோ தங்கச்சி, எழும்புங்கோ.”

டிரையருக்குப் பக்கத்தில் நின்ற மூர்த்திக்கு வெட்கமாகப் போய்விட்டது. “விடு புள்ள. அவங்க வந்த வேலைய முடிச்சிட்டுப் போகட்டும்” என்றான்.

“நீங்க சும்மா இருங்க. ஒங்களுக்கென்ன, ஃபெக்டரியக் கழுவியாச்சும் பேரு போட்டுக்குவீங்க” என்று அவள் ஒரு வெட்டு வெட்டினாள். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். மூர்த்தியும் சிரித்தான். நானும் சிரித்தேன்.

சேர் மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இஞ்சை இவ்வளவு காலமும் வந்த வெடிப்பெல்லாம் மூட்டிலதானே, பிள்ளை?”

“ஆமா சேர். பழைய ரிப்பேர் வேலையெல்லாம் மூட்டுலதான்.”

“மூட்டிலை வாறது வளையமாத்தான் வரும். அதை முதல் தலை பாத்திட்டுது.”

“பாத்துருச்சு. ஆனா மத்தது?”

“வாற ஞாயிற்றுக்கிழமை ஃபெக்டரி எப்பிடியும் நிக்கும்தானே. அண்டைக்கு வந்து மற்றதைப் பாப்பம். ஒருத்தருக்கும் பேர் போகாது.”

தலையைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். பெண்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு திசைதான் பார்த்தோம், மற்றது பாக்கி என்று ஒளிக்காமல் எழுதி டீமேக்கரிடம் கொடுத்தார். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அன்று மாலையே பொயிலர் மூட்டிவிட்டார்கள். நாங்கள் வேனில் ஏறும்போது புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க அவருக்கும் எனக்கும் மனதுக்கு நிறைவாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் சொன்ன காரணத்தில் எங்கே பிழை என்று நான் பலமுறை தேடிப் பார்த்திருக்கிறேன். காரணம் சரிதான். அங்கே வந்த வெடிப்பெல்லாம் மூட்டில்தான் வந்தது. நூறு பொறியாளர்களிடம் கேட்டாலும் பாதிப் பேர் அதையேதான் சொல்வார்கள். ஆனால் அரிசி ஆலையில் அவர் முதலில் குழாயைப் பார்த்தார், பிறகு முடிவெடுத்தார். இங்கே முதலில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து முடிவெடுத்தார், பிறகுதான் குழாயிடம் காரணம் தேடினார். அதட்டுகிறவனிடம் இல்லை என்று சொல்ல நாங்கள் பழகியிருந்தோம். கெஞ்சுகிறவளிடம் இல்லை என்று சொல்ல எங்களுக்குப் பழக்கமே இருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போகும் வழியில், வத்தேகமைக்கு அப்பால் மண் சரிந்து பாதை மூடிக் கிடந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு, கொழுந்து குவிந்து கிடக்கிறது, ஃபெக்டரியை நிறுத்த முடியாது என்றார் டீமேக்கர். சரி, அடுத்த வாரம் என்றோம். அந்த வாரத்தின் நடுவில், பகல் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு டீமேக்கரின் அழைப்பு வந்தது.

“மிஸ், பைப் வெடிச்சிட்டது. மூர்த்தி அடியில நின்னான்.”

மூர்த்தி ஆஸ்பத்திரியில் சில நாட்கள் கிடந்தான். நீராவி பட்ட உடம்பைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. சேர் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து போவார், வார்ட்டுக்கு வெளியே நிற்பார், உள்ளே போகமாட்டார், அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு நாள் காலையில் அலுவலகத்துக்கு வந்தவர், கதிரையில் உட்காராமல் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். “முடிஞ்சுது பிள்ளை” என்றார்.

விசாரணைக்காக மிச்சக் குழாயைப் பார்க்க வேண்டியிருந்தது. வேறு ஆளை அனுப்பலாம் என்று மேலே சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. இரண்டாம் தலையைத் தன் கையாலேயே பூட்டினார். மூட்டில் வெடிப்பு இருந்தால் திரையில் கூரான மேடு ஒன்று வரும், பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு வந்தது கூர் இல்லை. தாழ்வாக, நீளமாக, ஒரு ஓரத்தில் இருந்து மற்ற ஓரம்வரை ஒரு வீக்கம். பிறகு உறையைப் பிய்த்துப் பார்த்தபோது விளங்கியது. எப்போதோ குழாயின் ஒரு துண்டை மாற்றியிருக்கிறார்கள். மாற்றிய துண்டு, தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் ஒட்டிச் செய்தது. அந்த ஒட்டு நெடுகிலும் உள்ளே வெடித்திருந்தது. கிழிந்த இடத்தைத் தாண்டி, கிழியாத பகுதியிலும் வெடிப்பு ஓடியது. ஆகவே அது நேற்று வந்ததில்லை. நாங்கள் பெட்டியை மூடிய அன்றைக்கும் அது அங்கே இருந்திருக்கிறது.

நான் ஏதாவது சொல்லவேண்டும் என்று, “பைப் மாத்தினது நமக்கு யாருமே சொல்லலையே சேர்” என்றேன்.

“சொல்லாததைக் கண்டுபிடிக்கத்தானே இந்தத் தலை” என்றார். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “எழுதும் பிள்ளை. வடிவாத் தெரியுது எண்டு எழுதும். முதலே பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்கும் எண்டும் எழுதும்.”

எழுதினேன். என் வேலைக் காலத்தில் எழுதிய வரிகளில் அதை எழுதத்தான் கை வரவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொன்னவர்கள் இருந்தார்கள். சறுக்கியது யானை, விழுந்து செத்தது வேறொருவன். அந்தப் பழமொழியை அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.

கருமாதி முடிந்த பிறகு டீமேக்கர் மறுபடி பேசினார். வேறு ஏதோ விஷயத்துக்கு எடுத்தவர், கடைசியில் சொன்னார்: “மிஸ், அந்தப் புஷ்பராணி சாப்பிடுறதே இல்லையாம். நாந்தான் கால்ல விழுந்து கேட்டேன், நாந்தான் கொன்னுட்டேன்னு சொல்லிக்கிட்டே இருக்குதாம். லயத்துலயும் ரெண்டொரு பேரு அப்படித்தான் பேசுறாங்க. ரெண்டு சின்னப் புள்ளைங்க இருக்கு.”

நான் சேரிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று யோசித்ததும் உண்டு. விசாரணை முடியும்வரை அந்தக் குடும்பத்தைப் பார்க்கப் போகக் கூடாது என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அவர் அடுத்த நாள் காலையிலேயே வேனை எடுக்கச் சொன்னார். தனியாக விட மனமில்லாமல் நானும் ஏறினேன். பேராதனையில் இருந்து வத்தேகமைவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு சொன்னார்: “அங்கை நான் ஒரு விஷயம் சொல்லுவன் பிள்ளை. நீர் குறுக்கை பேசக் கூடாது.”

லயத்தில் அவளுடைய அறை கடைசியில் இருந்தது. பக்கத்து வீட்டில் இருந்து இரண்டு பிளாஸ்டிக் கதிரை வாங்கி வந்து போட்டாள். சுவரில் மூர்த்தியின் படம், அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது. அவள் பாதியாகிப் போயிருந்தாள். தரையில் உட்கார்ந்துகொண்டாள், எங்களை உட்காரச் சொன்னாள். சேர் உட்காரவில்லை.

“நாந்தான் சேர்” என்று அவளே தொடங்கினாள். “அவரு சொன்னாரு, விடு புள்ளன்னு. நான் கேக்கல. நான் வாய மூடிக்கிட்டுப் போயிருந்தா நீங்க மறுநா பாத்திருப்பீங்க. அவரு இருந்திருப்பாரு.”

“இல்லைத் தங்கச்சி” என்றார் சேர். “நான் அதைச் சொல்லத்தான் வந்தனான். நீங்கள் வாறதுக்கு முதலே நான் முடிவெடுத்திட்டன். ரெண்டாவது தேவையில்லை எண்டு பெட்டியைப் பூட்டிப்போட்டுத்தான் நிண்டனான். நீங்கள் கேட்டதாலை ஒண்டும் மாறேல்லை. நீங்கள் வராட்டிலும் நான் போயிருப்பன்.”

திரையில் இல்லாத ஒரு புள்ளியை இருக்கிறது என்று எழுதாத மனிதர். அரிசி ஆலை முதலாளிக்கும், மேலிடத்துக்கும், எனக்கும் ஒரு பொய் சொல்லியறியாதவர். அந்த வயதில் முதல் பொய்யை அவ்வளவு நிதானமாக, ஒத்திகை பார்த்தது மாதிரி சொன்னார். வத்தேகமைவரை பேசாமல் வந்தது இதற்குத்தான் என்று விளங்கியது. அவள் நம்பிவிட வேண்டும் என்று நான் உள்ளுக்குள் எல்லாத் தெய்வத்தையும் கும்பிட்டேன்.

புஷ்பராணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“இல்ல சேர். பெட்டி தொறந்துதான் இருந்துச்சு. வட்டமா ஒரு சாமான், அதக் கையில வச்சுத் தொடச்சிக்கிட்டு இருந்தீங்க. நான் பேசப் பேச நீங்க அதையே பாத்தீங்க. அதுக்கப்புறம்தான் உள்ள வச்சீங்க. நான் பாத்துக்கிட்டுத்தானே சேர் இருந்தேன்.”

சேர் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்ல உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். வெளியே யாரோ குடத்தில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கடைசியில் அவர்தான் பேசினார். குரல் அவருடையதாகவே இல்லை. “ஓம் தங்கச்சி. பெட்டி திறந்துதான் இருந்தது. ஆனா நான் சொல்லுறதைக் கேளுங்கோ. நீங்கள் கேட்டது பிழை இல்லை. பிள்ளைகளுக்குச் சோறு போடுறவள் கேக்கத்தான் வேணும். இல்லை எண்டு சொல்லுறதுதான் என்ரை வேலை. அதுக்குத்தான் என்னை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தவை. நீங்கள் உங்கட வேலையைச் செய்தனீங்கள். நான் என்ரை வேலையைச் செய்யேல்லை.”

அவள் அதைக் கேட்டு அழவில்லை. முதலில் சொன்ன பொய்யைத் தள்ளிவிட்டவள், இதைத் தள்ளவில்லை. உள்ளே படுத்திருந்த சின்னப் பிள்ளை முனகியது. எழுந்து போய்த் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை, அவருக்கு முன்னால் நின்றாள்.

“அப்ப நான் ஒண்ணு கேக்குறேன் சேர். இது மாதிரி இன்னும் எத்தனையோ ஃபெக்டரிக்குப் போவீங்க. அங்கயும் எங்கள மாதிரிப் பொம்பளைங்க நனைஞ்சிக்கிட்டு வந்து நிப்பாங்க. பேரு போயிடும்னு அழுவாங்க. கால்ல விழுவாங்க. நானே வந்து விழுந்தாலும் சரி, எடம் குடுக்காதீங்க சேர். எங்களத் திட்டி அனுப்பிடுங்க. நாங்க ஒரு நா பட்டினி கெடந்துக்குவோம்.”

சேர் ‘ஓம்’ என்றார். இன்று அவர் இல்லை, நானும் ஓய்வுபெற்றுவிட்டேன், மலையில் இன்னும் எத்தனையோ ஃபெக்டரிகளில் குழாய்கள் இருக்கின்றன. அந்தப் பெண்ணிடம் கொடுத்த அந்த ஒரு ‘ஓம்’ இனி உங்கள் பொறுப்பு.